வெல்கம் வந்த பிறகு

"அக்கா, வெல்கம் வந்துருது. பின்னாடி இருக்கிற படமும் வந்துருது. அதுக்கு மேல ஒண்ணும் நகர மாட்டேங்குது."

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீட்டுக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற எல்லாருக்கும் இந்த வாசகம் மனப்பாடம். ஆனால் இது ஆதியிலிருந்தே இருந்த புகார் இல்லை. 1990-களின் கடைசியில் நான் இந்தத் தொழிலுக்குள் வந்தபோது "ஆன் ஆக ரொம்ப நேரமாகுது" என்பார்கள், அல்லது "ஹேங் ஆகுது" என்பார்கள். வெல்கம் என்ற திரையே அப்போது கிடையாது. விண்டோஸ் 98 உள்ள கணினியில் பொத்தானை அழுத்தினால் மேகம் மிதக்கிற படம் வரும். அந்த மேகத்தைப் பார்த்தபடியே ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கலாம். காத்திருப்பின் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

2001 அக்டோபர் 25 அன்று விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. புதிய கணினி ஒன்று 30 விநாடிக்குள் வேலைக்குத் தயாராக வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் இலக்கு வைத்து அதைச் செய்திருந்தது. அந்த இலக்கைத் தொட ஒரு வழி கண்டார்கள். நெட்வொர்க் தயாராகும்வரை காத்திருக்காமல் பெயரைக் கேட்டு, டெஸ்க்டாப்பைக் காட்டிவிடுவது. மிச்சமுள்ள வேலைகள் பின்னால் நடந்துகொண்டிருக்கும். 2007-ல் வந்த விஸ்டாவில் சில சேவைகளை வேண்டுமென்றே தாமதமாகத் தொடங்கும் ஏற்பாடும் சேர்ந்தது. ஆக, திரை தெரிவதும் கணினி தயாராவதும் ஒரே நேரத்தில் நடப்பது நின்றுபோனது. காத்திருப்பு குறையவில்லை, மேகத்துக்கு முன்னால் இருந்தது வெல்கத்துக்குப் பின்னால் போனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரண்டாவது வகைக் காத்திருப்பு கூடுதலாக எரிச்சலூட்டியது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே போக முடியவில்லை என்றால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

இந்தத் தாமதத்துக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு காரணம் இருந்தது. அந்தக் காரணங்களில் பாதி, இந்த இரண்டு ஊர்களும் என்ன தொழில் செய்தன என்பதோடு சேர்ந்தவை. அதனால்தான் எழுதி வைக்க நினைக்கிறேன்.

ராஜபாளையத்தில் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிய முதல் கூட்டத்தில் மில்லைச் சேர்ந்தவர்கள் அதிகம். 1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸிலிருந்து வளர்ந்த ஊர் இது. பஞ்சு, நூல், துணி, அதைச் சுற்றிய கணக்கு என்று ஆயிரம் வேலைகள். கணக்குப் பிரிவில் இருந்தவர்கள், ஆசிரியர்கள், நூல் கமிஷன் வியாபாரிகள் ஆகியோரின் வீடுகளுக்கு அசெம்பிள் செய்த செலரான் கணினிகள் வந்தன. 32 எம்பி ராம், 4 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஊரின் ராஜு சமூகத்தார் வீட்டுக்குள் போனால் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டு, "இதுல ஜாதகம் போடலாமா தாயி?" என்று என்னிடம் தமிழில் கேட்பார்கள். கம்ப்யூட்டர் பெரும்பாலும் உள் அறையில், பீரோவுக்குப் பக்கத்தில் இருக்கும். ஆம்பளைகள் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில் அந்த அறைக்குள் போய் உட்கார நான் பெண்ணாக இருந்தது உதவியது. எனக்கு வேலை கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மடவார்வளாகம் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்தால் கணினியின் குடும்பமே வேறு. விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அதனால் அங்கே வக்கீல்கள், பத்திரம் எழுதுகிறவர்கள், தட்டச்சுக்காரர்கள். அவர்களோடு கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் அடிக்கிற டிடிபி கடைகள். ஆடிப்பூரத் தேர் நெருங்கினால் கடையில் உட்கார இடமிருக்காது. இந்தக் கணினிகள் மெதுவானதற்குக் காரணம் தமிழ் எழுத்துருக்கள்.

இன்றைக்கு இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது. அப்போது யூனிகோட் நடைமுறையில் இல்லை. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளைத் தனக்குத் தோன்றிய எண்களில் வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகைக்கு ஒரு பொது முறை ஏற்கப்பட்டது. டாம், டாப் என்ற குறியாக்கங்களும் வந்தன. ஆனால் கடைக்காரர் என்ன செய்ய முடியும்? சிவகாசி அச்சகம் ஒரு எழுத்துருவில் கேட்கும், வக்கீல் ஆபீஸ் இன்னொன்றில் கொடுக்கும், வெளியூர்ப் பத்திர எழுத்தர் மூன்றாவதில் அனுப்புவார். எல்லாவற்றையும் ஏற்றி வைத்துக்கொள்வார்கள். ஒரு சிடியில் நூற்றுக்கணக்கில் கிடைக்கும், அப்படியே எழுத்துருக் கோப்புறைக்குள் கொட்டிவிடுவார்கள்.

விண்டோஸ் 95, 98 இரண்டிலும் எழுத்துருக்களின் பட்டியல் ரெஜிஸ்ட்ரியில் ஒரே இடத்தில் இருக்கும். அந்த இடத்தின் அளவு 64 கேபி. ஏறத்தாழ 1000 எழுத்துருக்களோடு அது நிரம்பிவிடும். அந்த எல்லைக்கு வெகு முன்னாலேயே கணினி திணற ஆரம்பிக்கும். தொடங்கும்போதும், பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கரைத் திறக்கும்போதும் அத்தனையையும் அது புரட்டிப் பார்க்க வேண்டும். ராம் கூட்டினால் சரியாகிவிடும் என்று மதுரைக்கு ஆள் அனுப்பி வாங்கி வருவார்கள். தீராது. 98-ல் சிஸ்டம் ரிசோர்சஸ் என்று ஒன்று இருந்தது. சன்னல்கள், ஐகான்கள், எழுத்துருக்கள் எல்லாவற்றுக்கும் உள்ளே சில சின்னப் பெட்டகங்கள், சில 64 கேபி அளவுதான். நீங்கள் எவ்வளவு ராம் போட்டாலும் அந்தப் பெட்டகம் பெரிதாகாது. டாஸ்க்பாரின் ஓரத்தில் பத்துப் பதினைந்து சின்னப் படங்கள் வரிசை கட்டினால் காலையிலேயே அதில் பாதி காலி. இதை விளங்க வைக்கத்தான் நான் அதிகம் பாடுபட்டேன். "காசு போட்டு வாங்கி மாட்டிட்டோம்ல, பிறகு ஏன்மா?" என்று கேட்டவர்களிடம் ரிசோர்ஸ் மீட்டர் என்ற அளவியைத் திறந்து காட்டுவேன். பச்சைப் பட்டை இறங்குவதைப் பார்த்த பிறகுதான் நம்புவார்கள். வேண்டாத எழுத்துருக்களை வேறு கோப்புறைக்கு மாற்றி, வேலைக்குத் தேவையான நாற்பதை மட்டும் விட்டால் கணினி எழுந்து உட்காரும்.

இதையெல்லாம் எங்கே படித்தேன் என்று கேட்டால், வகுப்பில் இல்லை. வகுப்பில் மதர்போர்டைக் கழற்றி மாட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். மெதுவாக ஓடுகிற கணினியை எப்படிப் பார்ப்பது என்று யாரும் பாடம் எடுக்கவில்லை. தினமலரோடு வந்த கம்ப்யூட்டர் மலரையும் தமிழ் கம்ப்யூட்டர் இதழையும் கத்தரித்து ஒட்டி வைத்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும் நாட்களில் பென்னிங்டன் நூலகத்தில் உட்கார்வேன். 1875-ல் ஏற்பட்ட நூலகம் அது, அன்றைய கலெக்டர் பேரில் இருக்கிறது. அங்கே ஆங்கிலக் கணினி இதழ்களில் வந்த கேள்வி பதில்களை நோட்டில் எழுதிக்கொள்வேன். எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவி விண்டோஸ் 98-லேயே வந்துவிட்டது. ரன் பெட்டியில் அதன் பெயரை அடித்தால், உள்ளே நுழைந்ததும் தானாக ஓடுகிறவை எல்லாம் பட்டியலாக வரும். எதிரே உள்ள டிக்கை எடுத்தால் அடுத்த முறை ஓடாது. இதை வைத்தே பல வருடம் பிழைத்தேன் என்று சொல்லலாம். அந்தப் பட்டியலில் பிரிண்டருக்கு ஒன்று, ஸ்கேனருக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, அரட்டைக்கு ஒன்று, அகராதிக்கு ஒன்று. எதையும் யாரும் கேட்டு வைத்ததில்லை, ஒவ்வொரு மென்பொருளும் தன் ஆளை வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருக்கும்.

எக்ஸ்பி வந்த பிறகு நினைவகத்தின் காலம். 128 எம்பி போதும் என்று பெட்டியில் போட்டிருந்தது, முதல் வருடம் போதவும் செய்தது. 2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வந்தது, பாதுகாப்புக்கு அது அவசியம். அதோடு ஆன்டிவைரஸும் ஏறியது. அதற்குப் பிறகு 128 பற்றாது. இடம் பற்றாமல் கணினி ஹார்ட் டிஸ்க்கை நினைவகமாகப் பாவிக்கும், டிஸ்க்குக்கான சிவப்பு விளக்கு அணையாமல் எரியும். இந்த நோயைக் கண்டுபிடிப்பது எளிது, டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் இருப்பதைவிட அதிகம் கேட்கிறது என்று எண்ணிலேயே தெரியும். 256 போட்டால் தீர்ந்தது. இதில் சொல்ல அதிகமில்லை.

சொல்ல அதிகமிருப்பது பஞ்சைப் பற்றி.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கமெல்லாம் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்கிறார்கள். வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான், சில வீடுகளில் அதுவும் முழு உயரத்துக்கு இருக்காது. தறி ஓடும்போது நூலிலிருந்து உதிர்கிற பஞ்சுத் தூசு காற்றோடு கலந்து மிதக்கும். தறி உரிமையாளர் கணக்கு எழுதக் கம்ப்யூட்டர் வாங்கி, அந்தச் சுவரையொட்டி மேசை போட்டு வைப்பார். கணினிக்குள் இருக்கும் விசிறிகள் நாள் முழுக்க அந்தக் காற்றைத்தான் இழுக்கும்.

பிராசஸரின் மேல் நெருக்கமான அலுமினியத் தகடுகளாலான ஹீட்சிங்க் இருக்கும், அதன் மேல் விசிறி. ஆறு மாதத்தில் தகடுகளுக்கும் விசிறிக்கும் நடுவே பஞ்சு படியும். ஒரு வருடத்தில் விசிறியைக் கழற்றினால் கீழே வெள்ளையாக ஒரு துண்டு கிடக்கும், பேண்டேஜ் துணியை அளவாக வெட்டி வைத்தது மாதிரி. விசிறி சுற்றும், சத்தமும் வரும், காற்று மட்டும் தகட்டில் படாது.

பழைய பென்டியம் கணினி என்றால் சூடேறி நின்றுவிடும், நோய் வெளியே தெரிந்துவிடும். 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4 வேறு மாதிரி. அதற்குள்ளேயே வெப்பத்தை அறிகிற பாகம் இருந்தது. சூடு எல்லையைத் தொட்டால் தன் துடிப்பைத் தானே அடக்கிக்கொண்டு, ஏறக்குறைய பாதி வேகத்தில் ஓடித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். பெயர் கொடுத்து உள்ளே நுழைந்ததும் எல்லா மென்பொருளும் ஒரே நேரத்தில் எழும்பும்போது பிராசஸர் முழு மூச்சில் வேலை செய்யும். ஒரு நிமிஷத்தில் சூடு ஏறும். உடனே வேகம் குறையும். வேகம் குறைந்ததால் வேலை முடிய இன்னும் நேரமாகும், அதுவரை சூடும் இறங்காது. எல்லாம் ஓய்ந்த பிறகு மெல்லச் சரியாகும். "கொஞ்ச நேரம் சும்மா விட்டா நல்லா ஓடுதுக்கா, வைரஸா இருக்குமோ?" என்று கேட்பார்கள். விண்டோஸை மாற்றிப் போட்டுப் பார்த்திருப்பார்கள், ராம் மாற்றியிருப்பார்கள். விண்டோஸோடு வருகிற எந்தக் கருவியும் இதைக் காட்டிக்கொடுக்காது. மெதுவான அந்தக் கணத்தில் ரீஸ்டார்ட் கொடுத்து, பயாஸுக்குள் போய் வெப்பநிலை எழுதியிருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். 

சித்திரை, வைகாசியில் இந்தப் புகார் குவியும். குற்றாலத்தில் சீசன் தொடங்கி, மலையிலிருந்து சாரல் காற்று இறங்கிவிட்டால் குறைந்துவிடும். வருஷா வருஷம் இது மாறாமல் நடந்ததைக் கவனித்த பிறகுதான் தறிக்கூட வீடுகளுக்கு முதலில் புளோயரைத் தூக்கிக்கொண்டு போகத் தொடங்கினேன். பெயிண்ட் பிரஷ், புளோயர், ஒரு சொட்டு தெர்மல் பேஸ்ட், அரை மணி நேர வேலை. கணினியைத் தறிச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு மாற்றச் சொல்வேன். தரையில் வைக்காதீர்கள் என்பேன். பங்குனி முடிவதற்குள் ஒரு தடவை துடைத்துவிட வேண்டும் என்று சத்திரப்பட்டியில் சில வீடுகளில் இன்றும் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு இதழ்களில் நாய் மயிரும் பூனை மயிரும் கணினிக்குள் அடைப்பதைப் பற்றி எழுதுவார்கள். நெசவு ஊரின் பஞ்சைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

எக்ஸ்பியில் இன்னொரு மறைவான நோயும் உண்டு. ஹார்ட் டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கிற பட்டையான கேபிள் தளர்ந்திருந்தாலோ மடங்கிப் பழுதாகியிருந்தாலோ தரவு பிழையாக வரும். அப்படி ஆறு பிழைகள் சேர்ந்தால் எக்ஸ்பி அந்த டிஸ்க்கின் வேகத்தை ஒரு படி இறக்கிவிடும். இறங்கி இறங்கிக் கடைசியில் பிஐஓ என்ற பழைய முறைக்கு வந்து நிற்கும். அந்த முறையில் ஒவ்வொரு தரவையும் பிராசஸரே கையால் தூக்கி வைக்க வேண்டும். கேபிளைப் பிறகு மாற்றினாலும் விண்டோஸ் பழைய வேகத்துக்குத் தானாகத் திரும்பாது. டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கினால்தான் திரும்பும். தேய்ந்த கேபிளின் விலை 30, 40 ரூபாய். அதற்காகப் புதுக் கணினி வாங்கப் பணம் புரட்டிக்கொண்டிருந்த வீடுகளுக்குப் போயிருக்கிறேன்.

பென்டிரைவ் வந்ததும் நோய் வீட்டுக்கு வீடு நடந்து போனது. ஸ்டுடியோவில் கல்யாண போட்டோ வாங்கப் போன பென்டிரைவ், கல்லூரி ஆய்வகத்துக்குப் போன பென்டிரைவ், பிரௌசிங் சென்டருக்குப் போனது, எல்லாமே எதையாவது கொண்டு வரும். செருகியதும் ஆட்டோரன் கோப்பு தானாக ஓடும். நியூ ஃபோல்டர் என்று மஞ்சள் கோப்புறைப் படத்தோடு உட்கார்ந்திருப்பது உண்மையில் கோப்புறை இல்லை, ஓடக்கூடிய நிரல். அது தொடக்கப் பட்டியலில் தன்னைச் சேர்த்துக்கொண்டு, டாஸ்க் மேனேஜரையும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரையும் பூட்டி வைத்துவிடும். 2008 நவம்பரில் கான்ஃபிக்கர் புழு உலகம் முழுக்கப் பரவத் தொடங்கியது, பின்னர் பென்டிரைவ் வழியாகவும் அது தொற்றியது. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் மூலம் பழைய விண்டோஸ்களிலும் பென்டிரைவ் தானாக ஓடுவதை நிறுத்திய பிறகுதான் மூச்சு விட முடிந்தது. அதற்குள் பயத்தில் ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் போட்டு வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஒன்று திறக்கிற கோப்பை மற்றது சோதிக்கும், அது தொட்டதை இது சோதிக்கும். காவலுக்குப் போட்டவையே வழியை அடைத்துக்கொண்டு நின்றன.

அந்த வருடங்களில்தான் எங்கள் தொழில் கெட்டது. இதை வருத்தத்தோடு எழுதுகிறேன்.

கணினி மெதுவாக இருக்கிறது என்றால் "ஃபார்மேட் அடிச்சு ஓஎஸ் போட்டுருவோம்" என்பதே எல்லா நோய்க்கும் மருந்தாகிவிட்டது. அதற்கு ஒரு கணக்கு இருந்தது. ஓஎஸ் போட 300 ரூபாய் என்று விலை ஊருக்கே தெரியும். சிடியைப் போட்டுவிட்டு அடுத்த கணினியைப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து, எது தடுக்கிறது என்று கண்டுபிடித்து, ஒரு டிக்கை எடுத்துவிட்டால் யார் 300 ரூபாய் தருவார்கள்? "இம்புட்டுத்தானா? இதுக்கா காசு?" என்பார்கள். நோயைக் கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லாத தொழிலில் கண்டுபிடிக்கும் திறமை வளராது. ஃபார்மேட்டுக்கு அடுத்தபடியாக ரன் பெட்டியில் டெம்ப், பிறகு இரு பக்கமும் சதவீதக் குறி போட்ட டெம்ப், பிறகு ப்ரீஃபெட்ச் என்று வரிசையாக அடித்து, வருகிற எல்லாவற்றையும் அழிப்பது ஒரு சடங்காகவே ஆனது. டெம்பை அழிப்பதில் தவறில்லை. ப்ரீஃபெட்ச் என்பது அடுத்த முறை சீக்கிரம் தொடங்குவதற்காக எக்ஸ்பி தானே எழுதி வைக்கும் குறிப்பு. அதை அழித்தால் அடுத்த சில தடவை இன்னும் மெதுவாகத்தான் தொடங்கும்.

ஃபார்மேட்டில் போனவை திரும்பவில்லை. பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்கள் டெஸ்க்டாப்பில் இருந்தன, போய்விட்டன. மூன்று வருட நூல் வரவு செலவு மை டாகுமென்ட்ஸில் இருந்தது, போய்விட்டது. 2007 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் வாட் வரி வந்த பிறகு வீட்டுக் கணினியிலேயே டேலி போட்டு வைத்திருந்தவர்கள் பலர், அந்தக் கணக்கும் போனது. இந்த அடிகளால் எங்கள் ஊர்களில் ஒரு வழக்கம் உருவானது: சி டிரைவில் எதையும் வைக்காதே, டியில் வை. கம்ப்யூட்டர் படிக்காத பாட்டி கூட "எல்லாம் டீ-லதான இருக்கு?" என்று கேட்பாள். சி என்பது அடிக்கடி இடிபடும் வாசல், டி என்பது நகை வைக்கும் உள்ளறை என்கிற எண்ணம். டிஸ்க்கே பழுதானால் இரண்டும் சேர்ந்துதான் போகும் என்று எத்தனையோ பேரிடம் சொன்னேன், டியின் மேல் வைத்த நம்பிக்கையை என்னால் அசைக்க முடிந்ததில்லை.

கரண்ட் பற்றி ஒரு பாரா எழுதாமல் இந்த வரலாறு நிறையாது. 2008-ல் தொடங்கி 2012-ல் உச்சத்துக்குப் போன மின்வெட்டில், சென்னைக்கு வெளியே பல நாள் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் இருக்கிற 12 வோல்ட் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகவே வாய்க்கவில்லை. அது கத்தத் தொடங்குவதற்குள் திரை இருண்டுவிடும். முறையாக மூடாத கணினி அடுத்த முறை டிஸ்க்கைச் சோதிக்கும், விட்டுப்போன அப்டேட்டை மறுபடி தொடங்கும், ஆன்டிவைரஸ் நேற்றைய சோதனையை இன்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். கரண்ட் வந்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் முழுவதும் கணினி தன் காயத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கும். அந்த வருடங்களில் மெதுவான கணினிக்கு நான் செய்த முதல் வைத்தியம் யுபிஎஸ் பேட்டரியை மாற்றுவது.

இணையம் ஒரு சின்ன உபாதையைக் கொண்டு வந்தது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் தொடங்கி, மெல்ல எங்கள் தெருக்களுக்கும் வந்தது. மோடத்தைப் பிரிட்ஜ் முறையில் வைத்து, கணினியில் டயலர் போட்டு இணைப்பார்கள். அந்த ஏற்பாட்டில் நெட்வொர்க் கார்டுக்கு முகவரி கொடுக்க ஆளில்லை. கார்டோ தானாக முகவரி கேட்கும்படி விடப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் ஒரு நிமிஷம்வரை கேட்டுக் கேட்டு ஓய்ந்து, பிறகு 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும். ஒரு நிலையான முகவரியை எழுதி வைத்தால் அந்த நிமிஷம் மிச்சம். பேரனுக்கு விளையாட்டு வேகமாகத் திறக்கவில்லை என்று கூப்பிட்ட ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அந்த எண்ணை எழுதியதும் சுவர்க் கடிகாரத்தை வைத்து நேரம் பார்த்துச் சரிதான் என்று தலையாட்டினார். எதையும் அளந்து பார்க்கிற வாடிக்கையாளர் அபூர்வம். நோயாளியும் வைத்தியரும் அளந்து பார்த்தால் பாதிச் சண்டை தீரும்.

2011 செப்டம்பர் 15-ல் அரசு இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அதற்கு முன் கணினியையே தொடாத வீடுகளில், பேண்டேஜ் துணி மடிக்கிற வீட்டில், பால்கோவா அடுப்பு எரிகிற வீட்டில், ஒரு லேப்டாப் வந்து உட்கார்ந்தது. அதில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸ் பக்கம் நுழைந்தால் வேகமாக இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னது ஒரு பிளஸ் டூ மாணவி. நான் சொல்லிக் கொடுத்து அவள் தெரிந்துகொள்ளவில்லை.

அந்த லேப்டாப்புகளின் காலத்தில்தான் கடைசிப் பெரிய காரணம் தெளிவாகத் தெரிந்தது. லேப்டாப் ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. டிஸ்க்கில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சின்னக் கோப்புகளைத் தேடி எடுக்க, தரவைப் படிக்கிற முள் அங்குமிங்கும் ஓட வேண்டும். விநாடிக்கு நூறு இடத்தைத் தொட்டால் பெரிது. 2015 ஜூலை 29-ல் வந்த விண்டோஸ் 10, உள்ளே நுழைந்ததும் தேடல் அட்டவணை, அப்டேட், பாதுகாப்புச் சோதனை என்று ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை ஒரே மூச்சில் கேட்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும். பிராசஸர் சும்மா இருக்கும், ராம் மிச்சமிருக்கும், எல்லாம் அந்த ஒற்றை முள்ளுக்காகக் காத்திருக்கும்.

2020-ல் பள்ளிகள் மூடி ஆன்லைன் வகுப்பு வந்தபோது பரண்களிலிருந்து பழைய லேப்டாப்புகள் இறங்கின. அக்காவுக்குக் கிடைத்த லேப்டாப்பில் தம்பி படிக்க வேண்டும், வகுப்பு ஒன்பது மணிக்கு, டெஸ்க்டாப் நகர ஒன்பதே கால் ஆகும். அந்த மாதங்களில் 120 ஜிபி எஸ்எஸ்டி மாட்டித் தந்தேன். அதில் முள் கிடையாது, சுற்று கிடையாது. விநாடிக்குப் பல ஆயிரம் இடங்களைத் தொடும். பழைய டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்துப் போட்டால் படங்களும் கணக்கும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபார்மேட் தேவையில்லை. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு பாகத்தை மாற்றி இத்தனை வீடுகளின் முகம் மலர்ந்ததை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை.

ஆனாலும் பஞ்சு இன்னும் விழுகிறது. லேப்டாப் விசிறியின் வாயைச் சத்திரப்பட்டியில் இன்றும் தூரிகையால் துடைக்கிறேன். தினமும் ஷட் டவுன் செய்கிறவர்களிடம் ஒன்று சொல்லித் தருகிறேன். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் ஷட் டவுன் என்பது முழுதாக மூடுவதில்லை, விண்டோஸின் உட்பகுதியை டிஸ்க்கில் உறங்க வைத்துவிட்டு அடுத்த முறை அதையே எழுப்பும். டாஸ்க் மேனேஜரில் அப் டைம் என்ற இடத்தைப் பார்த்தால் பல நாட்களாக ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டும். வாரம் ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்கிறேன், அதுதான் எல்லாவற்றையும் கலைத்துப் புதிதாகத் தொடங்கும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. அவற்றில் பலவற்றுக்கு இப்போது லினக்ஸ் போட்டுத் தருகிறேன், விருப்பமில்லாதவர்களுக்கு இணையத்திலிருந்து துண்டித்துக் கணக்கு எழுத மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பத்திர எழுத்தர் வீட்டில் எக்ஸ்பி கணினி ஒன்று இன்னும் ஓடுகிறது. இருபது வருடப் பத்திர நகல்கள் பழைய டாம் எழுத்துருவில் அதற்குள் இருக்கின்றன. 2010-ல் அரசு யூனிகோடை ஏற்ற பிறகும் அவற்றை யாரும் மாற்றவில்லை. வாரம் ஒரு மாலை போய் அவரோடு உட்கார்ந்து, கிராமம் வாரியாகப் பிரித்து, யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம். மம்சாபுரம் முடிந்திருக்கிறது, அடுத்து வத்திராயிருப்பு.